பூனை குடித்த காப்பி

நான் போட்டுக் கொடுத்த காப்பியை என் மாமியார் பூனைக்கு ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் பேசாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூனை குடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை குடித்தது, மீசையை நக்கியது, வெயில் விழுந்த இடமாகப் பார்த்துச் சுருண்டு படுத்தது. அத்தை இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அது சாகவில்லை என்றதும் அவள் முகத்தில் வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

"பூனைய ஒண்ணும் செய்யாது. மனுசருக்குன்னே வைக்கது அது" என்று சொல்லிவிட்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கரண்டியைச் சுவரில் எறிந்திருப்பேன். கரண்டி என் அம்மா கொடுத்த சீர் என்பதால் எறியவில்லை.

என் பெயர் ராஜகனி. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து தி.நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமியார் சண்முகவடிவு. மாமனார் பொன்ராஜ் தொடங்கிய ஜவுளிக்கடை உஸ்மான் ரோட்டில் இருந்தது. வீடு கடைக்குப் பின்னால் ஒரு சந்தில். மாமனார் போன பிறகு கடை நின்றது அத்தையால்தான். என் வீட்டுக்காரர் ஜவஹர் கல்லாவில் உட்காருவார், அவ்வளவுதான். சேலை எடுக்க வருகிறவர்களை அத்தைதான் பார்ப்பாள். மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி மூன்று வருஷம் கழித்து வந்து நின்றால்கூட, "போன தடவ மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் எடுத்தீங்க, மூத்த பொண்ணுக்கு. அவளுக்கு என்ன குழந்த?" என்று கேட்பாள். அந்த மாமி வேறு கடைக்குப் போவாளா? அத்தையின் தலைக்குள் பாதி மெட்ராஸின் பீரோவே இருந்தது.

அந்தத் தலைதான் எழுபத்திரண்டாம் வருஷம் மெல்ல மெல்ல மக்கரானது.

முதலில் குளிர் வந்தது. கத்திரி வெயில், ஊரே விசிறியும் கையுமாக அலைகிறது, அத்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஃபேனை நிறுத்தச் சொல்கிறாள். அப்புறம் முகம் ஊதியது. பார்த்தவர்கள், "மருமக கைச் சோறு ஒட்டுது போல" என்று சொன்னார்கள். அப்போது எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. குரல் ஆம்பிளைக் குரலாகத் தடித்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் குளியலறையில் கிடந்தது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் ஒரு கத்திரிக்காயை நறுக்கிவிடலாம். குளித்தாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் என் கல்யாணத்துக்கு எங்கள் பெரியப்பா செய்முறை குறைத்து வைத்தது மட்டும் மறக்காது.

அதனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவள் நடிக்கிறாள். என்னை ஆட்டி வைக்க வேண்டும் என்று நடிக்கிறாள். மறக்க வேண்டியதை மறக்காமல், மறக்கக் கூடாததை மட்டும் மறந்தால் வேறு என்ன நினைப்பது?

ஆடித் தள்ளுபடியில் அந்தச் சந்தேகம் ஆடிப்போனது. மயிலாப்பூர் விஜயலக்ஷ்மி மாமி, எங்கள் கடையில் பத்து வருஷமாக எடுக்கிறவர், வந்து நின்றார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு வேணும்?" என்றாள். மாமி சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. எடுத்துப் போட்ட சேலையை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷமாகச் சேலை மடித்த கை. அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். அந்தப் பயத்தை நடிக்க யாராலும் முடியாது.

கொஞ்ச நாளில் அந்தப் பயம் என் பக்கம் திரும்பியது. தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. யாரோ ஏதோ செய்கிறார்கள் என்றால் புரிகிற மாதிரி இருந்தது. சோறு போடுகிறவள் நான். வேறு யாரைச் சொல்வாள்?

இதற்கு எண்ணெய் ஊற்றியது என் நாத்தனார் தங்கபுஷ்பம். என் வீட்டுக்காரருக்கு மூத்தவள், கோடம்பாக்கத்தில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் ஒரு ஸ்டுடியோவில் கணக்கு எழுதுகிறவர். அவரை எங்கள் கடைக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. அது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். வாரா வாரம் வந்து அம்மாவின் முகத்தைத் தடவிப் பார்ப்பாள், என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் என் காதில் விழுகிற மாதிரியே தம்பியிடம் சொன்னாள்: "இது மருந்து வச்ச உடம்புல. எனக்குப் பாத்தாலே தெரியும். கொஞ்சங் கொஞ்சமா புத்தி மழுங்கி, சொன்னபடி கேக்கதுக்குன்னு சோத்துல வைப்பாக."

"யாரு வைப்பாக்கா?" என்றார் அவர்.

"யாரு சோறு போடுதாளோ அவளக் கேளு."

மறுநாள் என்னிடம் சொல்லாமல் அத்தையைக் கோடம்பாக்கத்துக்குக் கூட்டிப் போனாள். ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மருந்து எடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாளாம். வயிற்றில் ஒரு குழாயை வைத்து வாயால் உறிஞ்சி, உள்ளே தங்கியிருக்கிற மருந்தை வெளியே எடுத்துவிடுவாளாம். எடுத்ததை வாழை இலையில் மடித்து என் முன்னால் கொண்டுவந்து விரித்தாள் தங்கபுஷ்பம். கறுப்பாக ஒரு உருண்டை. நான் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். புளியும் மயிரும்.

"மைனி, இந்தப் புளியில கொட்டகூட எடுக்கல. நான் வச்சிருந்தா கொட்ட எடுத்துல்லா வச்சிருப்பேன்?" என்றேன்.

அந்தப் பேச்சைப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் அப்படித்தான் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் அத்தை காப்பியைப் பூனைக்கு ஊற்றினாள்.

டாக்டர் பேச்சை எடுத்தது விஜயலக்ஷ்மி மாமி. அன்றைக்குக் கடையில் பார்த்தது அவருக்கு மனதில் கிடந்து உறுத்தியிருக்கிறது. மறுபடி வந்து, "மயிலாப்பூர்ல கஸ்தூரிரங்கன்னு ஒரு டாக்டர் இருக்கார். நிதானமாப் பார்ப்பார். ஒரு நடை அழைச்சுண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவணியில் நானும் என் வீட்டுக்காரரும் அத்தையை டாக்ஸியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டர் இளவயதுக்காரர். அத்தையை நாற்காலியில் மண்டிபோட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று உதைத்தது. திரும்பி வருவதற்கு மட்டும் அதற்கு மனசே வரவில்லை. இன்னொரு தடவை தட்டினார். கழுத்தைத் தடவினார், புருவத்தைப் பார்த்தார், நாடி பிடித்து ரொம்ப நேரம் நின்றார்.

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு, தைராய்டுன்னு பேர்" என்றார். "அதுலேர்ந்து சுரக்கறது ரத்தத்துல கலந்துதான் உடம்புக்குச் சூடும் வேகமும் வரது. மூளைக்கும் அதே கதைதான். சுரப்பு குறைஞ்சா குளிரும், மறதி வரும், யோசனை மந்தமாயிடும். சில பேருக்குப் பக்கத்துல இருக்கறவா மேல சந்தேகம்கூட வரும்."

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தேகத்துக்கு ரத்தத்தில் காரணம் இருக்க முடியுமா? என்னைப் பிடிக்காததால் இல்லையா?

"இப்பவே மாத்திர குடுத்திருங்க டாக்டர்" என்றேன்.

"இருதயம் பலவீனமா இருக்கும்மா. நிச்சயமாத் தெரியாம குடுத்தா மார்வலி வந்து வேற ஆபத்துல முடியும். ரத்தத்தைப் பார்த்துடலாம். வேற ஏதாவது மருந்து சாப்பிடறாளா? இருமல் மருந்து, காயத்துக்கு டிங்சர், அந்த மாதிரி?"

அத்தை வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். "ஒண்ணும் கிடையாது. அவுக வாய்க்குள்ள போறது எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாம ஒரு பருக்கை போவாது" என்றேன். நல்ல மருமகள் என்று டாக்டர் நினைக்கட்டும் என்றுதான் சொன்னேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் கவனித்தும் கவனிக்காமல் விட்டேன்.

ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு வந்ததும் டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறையவே இல்லையே" என்றார். "சொல்லப்போனா தாராளமாவே இருக்கு. என்னால நம்ப முடியலை. ஆனா ரத்தம் இப்படிச் சொல்றப்போ நான் மருந்து குடுக்கறதுக்கில்லை. வயசானா சில பேருக்கு மூளை சுருங்க ஆரம்பிக்கும். அதுவா இருக்கலாம். அதுக்கு மருந்து கிடையாதும்மா."

வீட்டுக்கு வந்தபோது தங்கபுஷ்பம் காத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அழவில்லை. விரலை மடக்கினாள்.

"ரத்தம் நல்லாருக்கு. அப்ப ரத்தத்துல ஒண்ணுமில்ல. சோத்துலதான்." என்னிடம் திரும்பினாள். "டாக்டர்ட்ட நீதான சொன்னியாம்? அவுக வாய்க்குள்ள போறது எல்லாம் உனக்குத் தெரியும்னு? அப்ப என்ன போவுதுன்னு நீயே சொல்லு."

என் வாயிலிருந்து வந்ததையே எடுத்து என் மேல் எறிந்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கடைச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா போன பிறகு என் பக்கம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ராசகனி, நீ அம்மாவுக்கு எதுவும்... நல்லதுக்குன்னு நெனச்சே... கலந்து கிலந்து குடுக்கலையே?"

அத்தை பூனைக்கு ஊற்றினபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் கேட்டபோது உள்ளே எதுவோ அற்றுப்போனது. நான்கு வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன். "குடுத்திருந்தா மொதல்ல உங்களுக்குக் குடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்குக் குழந்தை இல்லை. அப்படிப்பட்டவளை வீட்டை விட்டு அனுப்புவது ரொம்பச் சுலபம். தீபாவளி முடிந்ததும் என் அண்ணனை வரச்சொல்லி என்னை ஊருக்குக் கூட்டிப் போகச் சொல்வது என்று முடிவானது. "கொஞ்ச நாளைக்கு" என்றார் அவர். கொஞ்ச நாளைக்கு என்று போனவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர் இன்னும் அப்பா வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள். திரும்பி வர முடியாது என்று எனக்குத் தெரியும். மாமியாருக்கு மருந்து வைத்தவள் என்ற பேர் சாகிறவரைக்கும் கூடவே வரும்.

அப்போதுதான் நானும் வேவு பார்க்கத் தொடங்கினேன். நான் எதுவும் வைக்கவில்லை. ஆனால் அத்தை நாளுக்கு நாள் மோசமாகிறாள். அப்படியானால் வேறு யாரோ வைக்கிறார்கள். யார்? வாரா வாரம் வருகிறவள், கல்லா மேல் கண் வைத்தவள். தங்கபுஷ்பம் வந்தால் அவள் பையை மூடியிருந்தாலும் மோந்து பார்த்தேன். அவள் கொண்டுவந்த பணியாரத்தைப் பிய்த்துப் பார்த்தேன். அந்தப் பூனைக்கும் கொஞ்சம் வைத்தேன். எங்கள் வீட்டில் அந்த வருஷம் நன்றாகச் சாப்பிட்டது பூனை மட்டும்தான்.

அத்தையையும் விடாமல் கவனித்தேன். சாப்பிட்டுக் கை கழுவ முற்றத்துக்குப் போவாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடிப்பாள். அதில் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் யாருமே உதட்டில் வைத்துக் குடிப்பதில்லை. அத்தை அதில் ரொம்பக் கறார். பிள்ளையே ஆனாலும் எச்சில் பட்ட டம்ளரைத் தொட மாட்டாள். அதனால் அத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை. புரட்டாசியில் ஒருநாள்தான் பார்த்தேன். செம்பைத் தூக்குவதற்கு முன்னால் இன்னொரு கை வாய்க்குப் போய் வந்தது.

அவள் தூங்குகிற நேரம் பார்த்து வெற்றிலை வைக்கிற ஓலைப்பெட்டியைத் திறந்தேன். வெற்றிலைக்கு அடியில், பாக்குக்கு அடியில், தாளில் மடித்த மாத்திரைகள். ஒரு பொட்டலம் இல்லை, பெட்டியின் அடி முழுக்க. எனக்குப் பயமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது. மாட்டிக்கொண்டாள் தங்கபுஷ்பம்!

தாளில் எங்கள் தெருமுனை மருந்துக்கடை முத்திரை இருந்தது. நேராக அங்கே போனேன். கடைக்காரர் ஷாஹுல் ஹமீது அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மேஜையில் போட்டு, "இந்த விஷத்த யாருக்குவே வித்தீரு? எங்க நாத்தனாருக்கா?" என்றேன்.

"இன்னாம்மா, விஷம் கிஷம்னு சொல்லிக்கினு! பட்டப்பகல்ல கடைல நின்னுக்கினு பேசற பேச்சா இது?" என்று எழுந்துவிட்டார். பிரித்துப் பார்த்து, "அட, இது வயித்துக் கடுப்பு மாத்திரைம்மா. ஊரே துன்னுது. ஓட்டல்ல துன்னா ஒண்ணு, கல்யாணத்துல துன்னா ஒண்ணு. நம்ம கடைப் பெரியம்மாதான் வாங்கிக்கினு போறாங்க."

"எங்க அத்தையா?"

"ஆமா. கடைக்குப் போறப்போ வருவாங்க. 'துன்ற சோத்துல எதுனா கலந்திருந்தா இது முறிக்குமா பாய்'னு கேட்டாங்க. சோத்தோட போற கிருமியெல்லாம் செத்துடும்னேன். ஆடி மாசத்துலேர்ந்து வாங்கினுகீறாங்க. ஏன்மா, அவங்களுக்கு வயிறு சரியில்லயா?"

நான் கடையை விட்டு இறங்கினேன். வெயிலில் நின்றேன். என் சோற்றை ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, அதற்கு முறிவு சாப்பிட்டிருக்கிறாள். மூன்று வேளையும். நான் ஊட்டி வளர்த்ததாக நினைத்துப் பெருமைப்பட்ட உடம்பு அது.

என் வீட்டுக்காரரை எங்கள் கடையிலிருந்து கிளப்பி, பொட்டலத்தோடு மயிலாப்பூர் போனேன். டாக்டரிடம் போவதற்குக் காரணம் இருந்தது. இந்த மாத்திரைதான் அத்தையின் மூளையைக் கெடுத்தது, நான் இல்லை என்று அவர் வாயால் என் வீட்டுக்காரர் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

டாக்டர் கஸ்தூரிரங்கன் மாத்திரையைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"ஆடியிலேருந்து. தெனம் மூணு வேள."

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா. இதுதான மூளையக் கெடுத்திருக்கு?"

"இல்லைம்மா. இது கெடுத்தது உங்க மாமியாரை இல்லை, நம்ம பரிசோதனையை" என்றார். "அந்தச் சுரப்புக்குள்ள அயோடின் இருக்கும். லேப்ல சுரப்பை நேரா அளக்கறதில்லை, ரத்தத்துல அயோடின் எவ்வளவுன்னு பார்த்துதான் கணக்கு சொல்றா. இந்த மாத்திரை பூரா அயோடின். உள்ளே போனா வாரக்கணக்கா ரத்தத்துலயே கிடக்கும். சுரப்பு காலியா இருந்தாலும் கணக்குல நிறைஞ்சாப்ல தெரியும்."

இரண்டு பேர் துணியை ஒன்றாகப் போட்டு அளந்துவிட்டு ஒருத்தர் பேரில் பில் போட்டது மாதிரி. ஜவுளிக்கடைக்காரிக்கு அது புரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்தது. அவர் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார், நான்தான் பார்க்கவில்லை.

"அப்ப அம்மாவுக்குத் தைராய்டுதானா?" என்றார்.

"இருக்கும்னுதான் நான் நினைக்கறேன். ஆனா நிச்சயம் பண்ணணும். இந்த மாத்திரையைச் சுத்தமா நிறுத்தி, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கணும். நடுவுல ஒண்ணு உள்ளே போனாக்கூட வீண்." என்னைப் பார்த்தார். "உங்களால பார்த்துக்க முடியுமா?"

இந்தத் தடவை நான் பெருமையடிக்கவில்லை. "பாக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

வழியெல்லாம் யோசித்தேன். சந்தேகம் இருப்பதால் மாத்திரை. மாத்திரை இருப்பதால் ரத்தம் பொய் சொல்கிறது. ரத்தம் பொய் சொல்வதால் மருந்து இல்லை. மருந்து இல்லாததால் சந்தேகம். இந்தச் சக்கரத்தை எங்கே நிறுத்துவது? பெட்டியைக் காலி செய்யலாம், ஷாஹுல் ஹமீதிடம் விற்காதே என்று சொல்லலாம். மெட்ராஸில் மருந்துக்கடைக்கா பஞ்சம்? என் சோறு உள்ளே போகிறவரை அவளுக்கு முறிவு வேண்டும். தங்கபுஷ்பம் வந்து சமைக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். என் அடுப்பில் அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தையின் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவள் எதிரிலேயே பிசைந்து, அதே தட்டிலிருந்து முதல் வாயை நான் எடுத்துத் தின்றேன்.

அத்தை அதிர்ந்துபோனாள். "என்னட்டி செய்யுத? உன் எச்சிலத் திங்கச் சொல்லுதியா?"

"மாத்திரை எல்லாத்தையும் தூரப் போட்டாச்சு, அத்தே. இனிம இப்படித்தான். என் எச்சிலு வேணுமா, நான் வைக்க மருந்து வேணுமா, நீங்களே சொல்லுங்க."

அவள் யோசித்தாள். அந்த மந்தமான தலைக்குள் அது உருண்டு உருண்டு போவது எனக்குத் தெரிந்தது. என் தொண்டையைப் பார்த்தாள். "முழுங்கினியா?" என்றாள். வாயைத் திறந்து காட்டினேன். இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பூனையைப் பார்த்த அதே பார்வை. அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து நான்தான் பூனை. காப்பியா, முதல் மடக்கு எனக்கு. இட்லியா, முதல் விள்ளல் எனக்கு. எச்சில் டம்ளரைத் தொடாதவள் என் எச்சில் தட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டாள். ஒவ்வொரு வேளையும் எனக்கு அவமானமாக இருந்தது. சில நாள் அந்தத் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறியலாமா என்று வரும். எறிந்தால் அண்ணனோடு ரயிலேற வேண்டியதுதான். வாயைத் திறந்து காட்டினேன், விழுங்கினேன்.

தங்கபுஷ்பம் நம்பவில்லை. "இப்ப அவளே தின்னு காட்டுதாள்னா, முன்னால வச்சது உண்மைன்னுதான அர்த்தம்?" என்றாள். அவளை மாதிரி ஒரு வக்கீல் எங்கள் ஜாதியில் பிறக்கவில்லை.

தீபாவளி முடிந்து என் அண்ணன் வந்து இறங்கினான். மறுபடி ரத்தம் பார்க்கிறவரை எதுவும் நிச்சயமில்லை என்று, வரவேண்டாம் என யாரும் அவனுக்கு எழுதவில்லை. பெட்டியை எடுக்கச் சொன்னான். தங்கபுஷ்பமும் இருந்தாள். அத்தை சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள், தட்டு முன்னால் இருந்தது, கை வைக்கவில்லை. ஒரு சுற்று எல்லோர் முகத்தையும் பார்த்தாள். தங்கபுஷ்பம் பிசைந்து ஊட்டப் போனாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"அவள வரச்சொல்லு. அவ தின்னாத்தான் நான் திம்பேன்" என்றாள்.

அத்தை சொன்னது அன்பால் இல்லை, என் மேல் இருந்த சந்தேகத்தால்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் என்னை இரு என்று சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் என் அண்ணனிடம், "அவ இல்லாம எங்கம்மா சாப்பிட மாட்டாங்க மச்சான். அவள அனுப்ப முடியாது" என்றார். இதை ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். நான் போய் உட்கார்ந்து முதல் வாயை எடுத்தேன்.

கார்த்திகையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தை எங்களிடமே நீட்டினார். "சுரப்பு இருக்கவே இல்லை பாருங்கோ. இத்தனை கொஞ்சத்தை வெச்சுண்டு இவர் நடமாடினதே பெரிசு." மூளை சுருங்கவில்லை, பசியில் கிடந்திருக்கிறது என்றார். கால் மாத்திரையில் தொடங்கி, இருதயத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். அந்த மாத்திரையையும் அத்தை சந்தேகப்பட்டாள். நோய் இல்லாதவள் சாப்பிடக் கூடாது என்பதால், அதை மட்டும் என்னால் முதலில் விழுங்கிக் காட்ட முடியவில்லை. ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக் காட்டினேன்.

தை மாதம் முடிகிற சமயம் ஒருநாள் மத்தியானம், கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, ஃபேனப் போடு. வேக்காடு தாங்கல." நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கம்பளி தரையில் கிடந்தது. ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "என்னட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்றாள் அத்தை.

முகம் வற்றியது. குரல் மெலிந்தது. மாசியில் விஜயலக்ஷ்மி மாமி கடைக்கு வந்தபோது அத்தை, "வாங்க, போன ஆடியில ஒண்ணும் எடுக்காமப் போயிட்டீங்களே" என்றாள். மாமி அப்படியே கையைப் பிடித்துக்கொண்டார். தங்கபுஷ்பம் அதைப் பார்த்துவிட்டுத் துணிக்கட்டுக்குப் பின்னால் போய் அழுதாள். அவளும் அம்மாவை இழந்துவிடுவோம் என்று பயந்துதான் அத்தனையும் செய்திருக்கிறாள். கல்லா ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. நான் மன்னித்தேனா என்று கேட்டால், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை தன் தட்டைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். முதல் வாய் எடுக்க என் கை பழக்கத்தில் நீண்டபோது, "என் தட்டுல ஒனக்கு என்ன வேல?" என்று புறங்கையில் ஒரு அடி போட்டாள். அவளுக்கு அந்த மாதங்கள் பாதிதான் ஞாபகம் இருந்தன. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

பங்குனியில் ஒருநாள் காலை நான் எழுந்து வந்தபோது அடுப்பில் பால் பொங்கி அடங்கியிருந்தது. அத்தை ஒரு வருஷத்துக்கு அப்புறம் சமையலறைக்குள் வந்திருந்தாள். காப்பியை ஆற்றி, நுரையோடு டம்ளரை என்னிடம் நீட்டினாள். "குடி."

வாங்கினேன். குடிக்கவில்லை. என்னை அறியாமல் டம்ளரைச் சாய்த்து உள்ளே பார்த்தேன். மோந்து பார்த்தேன். என் கண் தானாகவே பூனை எங்கே என்று தேடியது. நிமிர்ந்தபோது அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு கூசிப்போனது. அவளுடைய நோய் தீர்ந்துவிட்டது. என்னுடையதற்கு எந்த டாக்டரிடம் போவது?

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. முகத்தில் எதுவோ வந்து நின்றது. பாதி மறந்ததில் ஒரு துண்டு அப்போது திரும்பி வந்திருக்க வேண்டும். என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். பிறந்ததிலிருந்து எந்த டம்ளரையும் உதட்டில் வைக்காதவள், அதை உதட்டில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள். பிறகு டம்ளரைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

"இப்பக் குடிட்டி" என்றாள்.

அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தேன். பூனை வந்து என் காலில் உரசிக்கொண்டு கத்தியது. அதற்கு நான் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை.